அளவிடைப் படத்திலிருந்து உண்மை அளவைக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளவத்தையில் எழும்பும் தொடர்மாடி ஒன்றின் தளப்படம் மேசையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலையில் 1:50 என்று போட்டிருக்கிறது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஹோலின் நீளம் 9.6 செ.மீ., அகலம் 7.2 செ.மீ. அந்த ஹோல் உண்மையில் எவ்வளவு பெரிது? வீட்டிலிருக்கும் 1.2 மீற்றர் அலுமாரி கதவுக்கும் மூலைக்கும் இடையில் நிற்குமா? பாடசாலைக் கணித பாடத்தில் அளவிடைப் படம் என்ற தலைப்பு இந்த மாதிரிக் கேள்விகளுக்காகத்தான் இருக்கிறது.

வேலை பெரிதில்லை. ஒரு பெருக்கல், ஒரு அலகு மாற்றம், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடம் இது. இழப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, அலகில். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரு பழக்கத்தை வற்புறுத்தும்: படத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் எவ்வளவு என்று முதல் வரியாக எழுதுங்கள். அதை எழுதிய பிறகுதான் அடிமட்டத்தைக் கையில் எடுங்கள்.

முதல் வரி

1:50 என்பதில் அலகு எதுவும் இல்லை. படத்தில் 1 செ.மீ. என்றால் நிலத்தில் 50 செ.மீ. படத்தில் 1 அங்குலம் என்றால் நிலத்தில் 50 அங்குலம். எந்த அலகில் அளந்தாலும் விடையும் அதே அலகில்தான் வரும். நாங்கள் செ.மீ. இல் அளப்பதால் முதல் வரி இப்படி அமையும்:

படத்தில் 1 செ.மீ. = உண்மையில் 50 செ.மீ. = 0.5 மீ.

அடிக்கடி வரும் அளவிடைகளுக்கு முதல் வரிகள் இவை:

1:100 என்றால் 1 செ.மீ. = 1 மீ.
1:200 என்றால் 1 செ.மீ. = 2 மீ.
1:500 என்றால் 1 செ.மீ. = 5 மீ.
1:50 000 என்றால் 1 செ.மீ. = 500 மீ. = 0.5 கி.மீ.
1:2 000 000 என்றால் 1 செ.மீ. = 20 கி.மீ.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அளவிடையின் பெரிய எண்ணில் இரண்டு பூச்சியத்தை வெட்டினால் மீற்றர், ஐந்து பூச்சியத்தை வெட்டினால் கிலோமீற்றர். 100 செ.மீ. ஒரு மீற்றர், 100 000 செ.மீ. ஒரு கிலோமீற்றர் என்பதுதான் இதன் காரணம். வெட்டப் பூச்சியம் போதாவிட்டால், 1:50 இல் இருப்பதுபோல, தசமப் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். 50 அப்போது 0.50 ஆகும். ஒரு பூச்சியம்தான் இருக்கிறது என்று அதை மட்டும் வெட்டி, 1 செ.மீ. = 5 மீ. என்று எழுதுவதுதான் வழமையான பிழை. அப்படி எழுதியவரின் ஹோல் 48 மீற்றர் நீளமாகிவிடும். இரண்டு கிரிக்கெட் ஆடுகளத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும் இடம் மிஞ்சும்.

சில படங்களில் விகிதம் தலைகீழாக இருக்கும். விஞ்ஞானக் கொப்பியில் எறும்பை 10:1 என்று வரைந்தால் படம் பெரிது, பொருள் சிறிது. படத்தில் 5 செ.மீ. உள்ள எறும்பு உண்மையில் 5 மி.மீ. விகிதத்தில் முதலில் நிற்பது படம், இரண்டாவது நிற்பது உண்மை. இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

அளக்கும் கருவிகள்

மில்லிமீற்றர் கோடு தெளிவாகத் தெரியும் அடிமட்டம், கூராக்கிய பென்சில், கவராயம், பாகைமானி, மூலைமட்டம் போதும். அடிமட்டத்தின் பூச்சியம் பெரும்பாலும் விளிம்பில் இருக்காது, விளிம்பிலிருந்து சில மி.மீ. உள்ளே இருக்கும். விளிம்பைக் கோட்டின் முனையில் வைத்து அளந்தால் அந்த சில மி.மீ. குறையும். 1:50 படத்தில் 4 மி.மீ. குறைந்தால் உண்மையில் 20 செ.மீ. குறையும். பூச்சியம் தேய்ந்துபோன பழைய அடிமட்டம் என்றால் 1 இலிருந்து அளந்து, கடைசியில் 1 ஐக் கழிக்கலாம். கழிக்க மறக்கிறவர்கள் புதிதாக ஒன்று வாங்குவது நல்லது.

கண்ணை அடிமட்டத்துக்கு நேர்மேலே வைத்துப் பாருங்கள். சரிவாகப் பார்த்தால் வாசிப்பு ஒரு மி.மீ. வரை தள்ளும். இன்னொரு விஷயம், சதுரக்கோட்டுக் கொப்பியில் உள்ள சதுரம் எல்லாம் 1 செ.மீ. அல்ல. பத்துச் சதுரத்தைச் சேர்த்து அளந்து, பத்தால் வகுத்துப் பார்த்துவிட்டே பாவியுங்கள்.

தளப்படத்தில் செய்து பார்ப்போம்

1. அளவிடையைத் தேடுங்கள். பெயர்க்கட்டத்தில், படத்தின் அடியில் அல்லது மூலையில் இருக்கும். "அளவிடைக்கு வரையப்படவில்லை" என்று இருந்தால் அடிமட்டத்தை உள்ளே வையுங்கள். அந்தப் படத்தில் எழுதியிருக்கும் எண்களை மட்டுமே நம்பலாம்.

2. முதல் வரியை எழுதுங்கள். 1 செ.மீ. = 0.5 மீ.

3. எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்று தீர்மானியுங்கள். தளப்படத்தில் சுவர் இரண்டு கோடாக இருக்கும். அறைக்குள் எவ்வளவு இடம் என்பதற்கு ஒரு சுவரின் உள்கோட்டிலிருந்து எதிர்ச் சுவரின் உள்கோட்டுக்கு அளக்க வேண்டும். வெளிக்கோட்டைப் பிடித்தால் இரண்டு சுவரின் தடிப்பும் அறைக்குள் சேர்ந்துவிடும்.

4. கிட்டிய மி.மீ.க்கு அளந்து எழுதுங்கள். 9.6 செ.மீ., 7.2 செ.மீ. கொப்பியில் 9.6 என்று மட்டும் எழுதாமல் அலகோடு எழுதுங்கள்.

5. பெருக்குங்கள். 9.6 × 0.5 = 4.8 மீ. 7.2 × 0.5 = 3.6 மீ.

6. விடை நம்பக்கூடியதா என்று அதே படத்தில் உள்ள கதவைக் கொண்டு பாருங்கள். கதவு படத்தில் 1.8 செ.மீ. என்றால் 0.9 மீ. ஆள் போய்வரக்கூடிய கதவுதான். கதவு 9 மீற்றர் என்றோ 9 செ.மீ. என்றோ வந்தால் ஹோலின் விடையும் பிழை.

ஆறாவது படியை யாரும் செய்வதில்லை. அரை நிமிட வேலை. பரீட்சையில் விடைத்தாளைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாதபோது இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இனி அலுமாரி. 1.2 மீ. அகலமான அலுமாரி படத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும்? இப்போது உண்மையிலிருந்து படத்துக்குப் போகிறோம், ஆகவே வகுக்க வேண்டும்: 1.2 ÷ 0.5 = 2.4 செ.மீ. கதவின் ஓரத்துக்கும் மூலைக்கும் இடையில் படத்தில் 2.3 செ.மீ. இருக்கிறது, அதாவது 1.15 மீ. கணக்குப்படி அலுமாரி நிற்காது. ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் படத்தில் 1 மி.மீ. என்பது 5 செ.மீ. நாங்கள் அளக்கும்போது ஒரு மி.மீ. முன்பின்னாவது இயல்பு, பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. தடிப்பு உண்டு. ஆகவே உண்மையான இடம் 1.10 மீ. இலிருந்து 1.20 மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு நெருக்கமான கேள்விக்குப் படம் பதில் சொல்லாது. அளவு நாடாவோடு வீட்டுக்குப் போய் அளக்கத்தான் வேண்டும். கட்டில், மேசை எங்கே போடலாம் என்பதற்கு இதே படம் தாராளமாகப் போதும்.

எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு: வீடு கொப்பியைவிடப் பெரிது. படத்திலிருந்து வீட்டுக்குப் போனால் எண் பெருக வேண்டும், வீட்டிலிருந்து படத்துக்கு வந்தால் சுருங்க வேண்டும்.

பரப்பளவு: வர்க்கத்தை மறக்க வேண்டாம்

ஹோலுக்கு டைல்ஸ் போடப் பரப்பளவு வேண்டும். 4.8 × 3.6 = 17.28 சதுர மீற்றர். நேர்வழி இதுதான். முதலில் நீளங்களை உண்மை அளவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பரப்பளவு காணுங்கள்.

சிலர் படத்திலேயே பரப்பளவைக் கண்டுவிட்டு மாற்றப் பார்ப்பார்கள். 9.6 × 7.2 = 69.12 சதுர செ.மீ. இதை 50 ஆல் பெருக்கினால் 3456 சதுர செ.மீ., அதாவது சுமார் 0.35 சதுர மீற்றர். ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லாத ஹோல். நீளமும் 50 மடங்கு, அகலமும் 50 மடங்கு என்பதால் பரப்பளவு 50 × 50 = 2500 மடங்காகும். 69.12 × 2500 = 172 800 சதுர செ.மீ. = 17.28 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு மாற்றும்போதும் 100 ஆல் அல்ல, 10 000 ஆல் வகுக்க வேண்டும்.

கோணங்கள் மட்டும் மாறுவதில்லை. படத்தில் 90° என்றால் வீட்டிலும் 90°. கோணத்தை 50 ஆல் பெருக்கிய விடைத்தாள்களும் இருக்கத்தான் செய்கின்றன.

போட்டோக்கொப்பி செய்யும் வேலை

தளப்படம் ஏ3 தாளில் இருந்தது. கடையில் கொடுத்து ஏ4 தாளுக்குச் சுருக்கி எடுத்தீர்கள். மூலையில் இன்னும் 1:50 என்றுதான் இருக்கிறது, ஆனால் அது இப்போது பொய். ஏ3 இலிருந்து ஏ4 க்கு வரும்போது நீளங்கள் சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும். 9.6 செ.மீ. ஹோல் 6.8 செ.மீ. ஆகிவிடும். அதை 0.5 ஆல் பெருக்கினால் 3.4 மீ. ஒன்றரை மீற்றர் வரை காணாமல் போய்விட்டது.

இங்கேயும் கதவு காட்டிக்கொடுக்கும். சுருங்கிய படத்தில் கதவு 1.3 செ.மீ. என்பதால் கணக்கில் 65 செ.மீ. தான் வரும். சந்தேகம் வந்தால், படத்தில் எழுதியிருக்கும் அளவு ஒன்றைத் தேடுங்கள். கட்டடப் படங்களில் அலகு போடாமல் 4800 என்று இருந்தால் அது மில்லிமீற்றர். அந்த 4800 இன் கோட்டை அளந்தால் 68 மி.மீ. வருகிறது. 4800 ÷ 68 = 70.6. ஆகவே கையில் இருக்கும் தாளின் உண்மையான அளவிடை சுமார் 1:70. விற்பனைக்கான படங்களில் அடி, அங்குலத்தில் இருப்பதும் வழமை. 15 அடி 9 அங்குலம் என்றால் 4.80 மீ. ஓர் அடி 30.48 செ.மீ. என்பது நினைவில் இருந்தால் போதும்.

வட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திரையில் அடிமட்டம் வைத்து அளப்பதில் பயனே இல்லை, விரலால் பெருப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அளவிடை மாறுகிறது. படத்தின் கீழே கோட்டு அளவிடை இருந்தால் மட்டும் தப்பலாம். 0, 1, 2, 3 மீ. என்று கட்டம் கட்டமாக வரைந்த சிறிய பட்டைதான் அது. படம் சுருங்கினால் பட்டையும் சேர்ந்து சுருங்கும் என்பதால் அது பொய் சொல்லாது. ஒரு தாள் துண்டின் விளிம்பில் வேண்டிய நீளத்தைக் குறித்து, அதைப் பட்டையின் மேல் வைத்து வாசியுங்கள்.

தேசப்படத்தில் தூரம்

முறை அதேதான், எண்கள்தான் பெரிது. 1:2 000 000 அளவிடையில் வரைந்த இலங்கைப் படத்தில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் 4.8 செ.மீ. அளவில் வரும். 1 செ.மீ. = 20 கி.மீ., ஆகவே சுமார் 96 கி.மீ. பஸ்ஸில் போனவர்கள் 115 கி.மீ. என்பார்கள். இரண்டும் சரி. அடிமட்டம் காகம் பறக்கும் தூரத்தைச் சொல்கிறது, வீதி கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைந்து வளைந்து போகிறது.

வளைந்த வீதியின் நீளம் வேண்டுமென்றால் நூல் ஒன்றை நனைத்து வீதியின் மேல் படிய வையுங்கள். இரு முனையையும் குறித்து, நூலை நேராக்கி அளக்க வேண்டும். இழுத்து அளந்தால் நூல் நீளும், ஆகவே றப்பர் கலந்த நூல் வேண்டாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50 000 படத்தில் இதைச் செய்தால் நல்ல விடை கிடைக்கும். நாடு முழுவதும் ஒரு தாளில் உள்ள படத்தில் சிறு வளைவுகளை வரையவே இடமிருக்காது, ஆகவே அங்கே நூல் வைத்தாலும் தூரம் குறைவாகத்தான் வரும்.

பெரிய அளவிடை, சிறிய அளவிடை என்ற பேச்சும் இங்கே குழப்பும். 1:500 தான் பெரியது, 1:50 000 சிறியது. ஐந்நூறில் ஒரு பங்கு, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரிதல்லவா?

நீங்களே வரையும்போது எந்த அளவிடை?

பாடசாலை மைதானம் 95 மீ. நீளம், 62 மீ. அகலம். கொப்பிப் பக்கத்தில் பாவிக்கக்கூடிய இடம் 20 செ.மீ. × 15 செ.மீ. மைதானத்தின் நீளத்தையும் தாளின் நீளத்தையும் ஒரே அலகில் எடுத்து வகுங்கள்: 9500 ÷ 20 = 475. வந்த எண்ணுக்கு மேலே உள்ள அடுத்த வசதியான எண்ணைப் பிடியுங்கள், அது 500. இனி 1 செ.மீ. = 5 மீ. நீளம் 95 ÷ 5 = 19 செ.மீ., அகலம் 62 ÷ 5 = 12.4 செ.மீ. அகலமும் 15 க்குள் அடங்குகிறதா என்று பார்த்தாயிற்று.

வசதியான எண் என்பது 1, 2, 5 இல் தொடங்கிப் பூச்சியங்களோடு முடிவது. 1:300 எடுத்தால் 95 ÷ 3 = 31.67 என்று கண்ணைக் குத்தும் எண்கள் வரும், தாளுக்குள்ளும் அடங்காது. பயந்துபோய் 1:1000 எடுப்பதும் சரியில்லை. படம் 9.5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும், ஒரு மி.மீ. பிசகு நிலத்தில் ஒரு மீற்றராகும். தாளுக்குள் அடங்கும் படங்களில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுங்கள்.

செவ்வகம் அல்லாத காணிக்கு இன்னொரு சிக்கல். நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் படம் வரைய முடியாது. நான்கு குச்சியை முனையில் ஆணி போட்டுப் பொருத்தினால் அது இப்படியும் அப்படியும் சாய்வதுபோல, நான்கு பக்கம் மட்டும் தெரிந்த உருவத்துக்கு ஒரே வடிவம் கிடையாது. ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து வாருங்கள். அப்போது காணி இரண்டு முக்கோணமாகும், முக்கோணம் சாயாது.

உதாரணமாக கஅ, அஆ என்றெல்லாம் குழப்பாமல், மூலைகளை ப, ம, ய, ர என்று பெயரிடுவோம். பம = 24 மீ., மய = 17 மீ., யர = 21 மீ., ரப = 15 மீ., மூலைவிட்டம் பய = 28 மீ. 1:200 எடுத்தால் எல்லாவற்றையும் 2 ஆல் வகுத்து 12, 8.5, 10.5, 7.5, 14 செ.மீ. முதலில் பரும்படிப் படம் ஒன்றில் இந்த எண்களைக் குறியுங்கள். பிறகு 14 செ.மீ. கோடு பய. கவராயத்தில் 12 செ.மீ. விரித்து ப இலிருந்து ஒரு வில், 8.5 செ.மீ. விரித்து ய இலிருந்து ஒரு வில், இரண்டும் வெட்டும் இடம் ம. மறுபக்கத்தில் ப இலிருந்து 7.5, ய இலிருந்து 10.5, வெட்டும் இடம் ர.

வரைந்தது சரியா? இதுவரை பாவிக்காத, ம இலிருந்து ர வரையான மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். படத்தில் சுமார் 13.5 செ.மீ. வரும், அதாவது காணியில் 27 மீ. காணிக்குப் போகும்போது இந்த இரண்டாவது மூலைவிட்டத்தையும் அளந்து வைத்திருந்தால், அது 27 மீ. கிட்ட இருக்கிறதா என்று ஒப்பிடலாம். 24 மீ. என்று இருந்தால் எங்கோ ஓர் அளவைப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

பரப்பளவுக்கு பய மீது ம, ர இலிருந்து செங்குத்துகள் வரையுங்கள். மூலைமட்டத்தால் வரைந்து அளந்தால் சுமார் 7.25 செ.மீ., 5.5 செ.மீ. உண்மையில் 14.5 மீ., 11 மீ. ஆகவே பரப்பளவு ½ × 28 × (14.5 + 11) = 357 சதுர மீற்றர். கொழும்பில் காணி பேர்ச்சில்தான் பேசப்படும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் 357 ÷ 25.29, சுமார் 14.1 பேர்ச். பழைய உறுதிகளோடு இருக்கும் பிளானில் ஓர் அங்குலத்துக்கு ஒரு செயின் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். ஒரு செயின் 66 அடி, 66 × 12 = 792 அங்குலம், ஆகவே 1:792. செ.மீ. அடிமட்டத்தால் அளந்தால் 1 செ.மீ. = 7.92 மீ.

ஏறாமல் தென்னையை அளப்பது

கிடையாகப் பார்க்கும் பார்வையை உச்சி வரை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற கோணம்தான் ஏற்றக்கோணம். அதை அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. பாகைமானியின் நேர்விளிம்பில் குளிர்பானக் குழல் ஒன்றை ஒட்டுங்கள். நடுப்புள்ளியில் நூல் கட்டி, முனையில் ஏதாவது பாரம் தொங்கவிடுங்கள். குழலைக் கிடையாகப் பிடித்தால் நூல் 90° இல் நிற்கும். மர உச்சியைக் குழல் வழியே பார்க்கும்போது நூல் 40° இல் நின்றால் ஏற்றக்கோணம் 90 − 40 = 50°. நூல் நின்ற 40 ஐயே ஏற்றக்கோணம் என்று எழுதுவது இந்தப் பாடத்தின் முதலாவது பிழை.

மரத்தடியிலிருந்து 12 மீ. தள்ளி நிற்கிறீர்கள், கண் உயரம் 1.4 மீ. அளவிடை 1:200. கண் மட்டத்தில் 6 செ.மீ. கிடைக்கோடு வரையுங்கள். ஒரு முனையில் 50° கோணம், மறுமுனையில் செங்குத்து. இரண்டும் சந்திக்கும் வரையான செங்குத்தின் நீளம் 7.1 அல்லது 7.2 செ.மீ. வரும், அதாவது சுமார் 14.3 மீ. இது கண்ணுக்கு மேலே உள்ள பகுதி மட்டுமே. 1.4 ஐக் கூட்டினால் மரம் 15.7 மீ. கண் உயரத்தைப் படத்திலேயே 0.7 செ.மீ. ஆக வரைந்து சேர்த்து அளந்திருந்தால், கணக்கில் மறுபடி கூட்டக்கூடாது.

எங்கே நிற்பது என்பதில் கவனம் வேண்டும். 50° இல் ஒரு பாகை பிசகினால் உயரம் அரை மீற்றர்தான் மாறும். அதே 12 மீ. தூரத்தில் நின்று உயரமான கட்டடம் ஒன்றை 75° இல் பார்த்தால், ஒரு பாகைப் பிசகு மூன்று மீற்றருக்கு மேல் இழுத்துவிடும். கோணம் 45° கிட்ட வரும்வரை பின்னுக்குப் போங்கள். தாமரைக் கோபுரம் சுமார் 350 மீ. உயரம் என்பதால் அதற்கு 350 மீ. தள்ளி நிற்க வேண்டும். இடையில் வீதியும் பேர வாவியும் கிடக்கும் அந்தத் தூரத்தை நாடாவால் அளப்பது நடக்காத காரியம், பாடசாலைத் தென்னையே நல்லது.

திசைகோள்

திசைகோள் என்பது ஒரு திசையைச் சொல்லும் கோணம். அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும், மூன்று இலக்கத்தில் எழுதப்படும். கிழக்கு 090°, தெற்கு 180°, மேற்கு 270°.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஒரு படகு 290° இல் 8 கி.மீ. போய், பிறகு 200° இல் 6 கி.மீ. போகிறது. இப்போது துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசைகோளில் நிற்கிறது? அளவிடை 1 செ.மீ. = 1 கி.மீ., விகிதமாக எழுதினால் 1:100 000. படகு மேற்கே போவதால் துறைமுகத்தைத் தாளின் வலப்பக்கத்தில் குறியுங்கள். நடுவில் குறித்தால் கோடு தாளை விட்டு வெளியே போய்விடும். பரும்படிப் படம் முதலில் வரைந்தால் இது தானாகத் தெரியும்.

அரைவட்டப் பாகைமானியில் 290° இல்லை. 360 − 290 = 70, ஆகவே வடக்கிலிருந்து இடப்பக்கமாக 70° எடுத்து 8 செ.மீ. வரையுங்கள். அந்த முனையில் புதிதாக ஒரு வடக்குக் கோடு வேண்டும், முதலாவதற்குச் சமாந்தரமாக. மூலைமட்டத்தை அடிமட்டத்தின் மேல் நகர்த்தி அதை வரையலாம். இந்தக் கோட்டைப் போடாமல் வந்த வழிக்கோட்டிலிருந்தே 200° அளக்கிறவர்கள்தான் அதிகம். பிறகு 200 − 180 = 20, தெற்கிலிருந்து மேற்குப் பக்கமாக 20° எடுத்து 6 செ.மீ.

துறைமுகத்தையும் கடைசிப் புள்ளியையும் இணைத்து அளந்தால் 10 செ.மீ., அதாவது 10 கி.மீ. துறைமுகத்தின் வடக்குக் கோட்டிலிருந்து திசைகோள் சுமார் 253°. தூரத்தைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் 110°, போகும் வழி 200°, இடையில் 90°. செங்கோணம் என்பதால் பைதகரசுத் தேற்றம் அதே 10 ஐத் தரும். படகு நேராகத் துறைமுகத்துக்குத் திரும்ப 253 − 180 = 73, ஆனால் விடைத்தாளில் 073° என்று எழுத வேண்டும்.